மூன்று நாளுக்குள் போட வேண்டிய ஊசி

“அல்லாஹ்வின் நாட்டம்” என்று சொல்லி என் வாயை அடைக்க இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். நாட்டத்தை நான் மறுக்கவில்லை. அவன் நாடித்தானே அந்த ஊசியைக் கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் கொண்டுவந்து வைத்தான்? மிச்சம் இருந்த இருபத்தைந்து மைலை நாங்கள் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்கு அவனை ஏன் இழுக்கிறீர்கள்?

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கல்முனைச் சந்தையில் மூட்டை சுமந்தேன். நாவிதன்வெளிப் பக்கம் அடுத்தவனுடைய உழவு மெசின் ஓட்டினேன். பிறகு சொந்த மெசின், பிறகு சொந்த நெல் மில். எழுபதுகள் முடிகிற காலத்தில் எங்கள் தெரு ஒழுங்கையில் வான் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும், பெருமைதான். ஆனால் அந்த வான் இல்லாமல் இந்தக் கதையும் இல்லை.

ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து பெண் வீட்டில் போய் இருந்தேன். மூத்தவன் அந்த வீட்டில்தான் பிறந்தான். பிரசவம் பார்த்தது மிஸி, காரைதீவிலிருந்து சைக்கிளில் வருகிற அரசாங்க மருத்துவிச்சி. கைகழுவிவிட்டு அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“முதலாளி, இவவுக்கு ரத்தம் நெகட்டிவ். கிளினிக் கார்ட்டில சிவப்பு மையால எழுதித் தந்தனான். மூண்டு நாளைக்குள்ள மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் ஊசி ஒண்டு போட வேணும். டொக்டரோட கதைச்சு எடுப்பிச்சு வெச்சிருக்கு. உங்களிட்ட வான் இரிக்கிதானே?”

“புள்ளைக்கு என்னவும் குறையா?”

“புள்ள நல்லா இரிக்கி.”

“தாய்க்கு?”

“அவவும் நல்லா இரிக்கா.”

“பிறகென்னத்துக்கு ஊசி?”

“அது அடுத்த புள்ளைக்கு.”

நான் சிரித்துவிட்டேன். “அடுத்த புள்ளய நானே இன்னும் நினைக்கல்ல மிஸி, நீங்க அதுக்கு ஊசியும் எடுத்து வெச்சிட்டீங்க!”

மிஸி சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து மாமியின், பெண்சாதியின் உம்மாவின், சத்தம் வந்தது: “நாப்பது நாள் போகாம இவள் வாசல்படி தாண்டமாட்டாள். புள்ளப்பெத்த பச்ச ஒடம்பு. பாலத்தால, மையவாடியடியால எல்லாம் ஏத்திக்கொண்டுபோய் செய்த்தானுக்குக் குடுக்கயா?”

மூன்றாம் நாள் மிஸி திரும்பவும் வந்து வீட்டு வாசல் கடப்படியில் நின்றார். இன்றைக்குப் பின்னேரத்தோடு சரி, பிறகு போட்டுப் பயனில்லை என்றார். நான் ஒரு பை அரிசியும் இரண்டு தேங்காயும் சைக்கிளில் கட்டிவிட்டு அவரை அனுப்பினேன். வான் வீட்டு வளவுக்குள் நின்றது. அதன் திறப்புச் சாவி என் சட்டைப் பையில் கிடந்தது.

மாமிக்குப் பயந்தேன் என்று நினைக்காதீர்கள். சந்தையில் சண்டியர்களையே நான் கழுத்தில் பிடித்துத் தள்ளியிருக்கிறேன். பிள்ளை பெற்று மூன்றாம் நாள் பெண்சாதியை ரோட்டில் இறக்கினால், “முதலாளி வீட்டில நாப்பது பாக்கவும் ஆளில்லையாம்” என்று ஊர் கதைக்கும். அந்தக் கதைக்குத்தான் நான் மடங்கினேன்.

இரண்டு வருசம் கழித்து மகள் பிறந்தாள். அன்றைக்கு மிஸி வேறொரு பிரசவத்துக்குப் போயிருந்தார். வயதான மருத்துவிச்சி ஒருத்திதான் பார்த்தாள். பகலில் பிறந்த பிள்ளையின் கண் பொழுதுபடுவதற்குள் மஞ்சள். செங்கமாரி என்றார்கள். வெயில் காட்டு என்றார்கள். சீனித்தண்ணீர் பருக்கினார்கள். பள்ளிவாசல் லெவ்வையைக் கூட்டிவந்து ஓதித் தண்ணீர் தெளித்தார்கள். அடுத்த நாள் பிள்ளை முலையைப் பிடிக்கவில்லை. உடம்பு வில்லுப்போல் பின்பக்கம் வளைந்தது. ஆஸ்பத்திரிக்கு வானை எடுக்கப்போனேன். “தாயில்லாமப் புள்ளய எப்படிக் கொண்டுபோற, தாய எப்படி வெளியில எடுக்கிற?” என்று வீடு நிறையப் பெண்கள் நின்று கதைத்தார்கள். அவர்கள் கதைத்து முடிய முன்னம் பிள்ளை முடிந்துவிட்டது. அசர் தொழுகைக்குப் பிறகு இரண்டு கைகளாலும் மையவாடிக்கு ஏந்திக்கொண்டு போய் அடக்கினேன். இரண்டு மூட்டையை ஒன்றாய்ச் சுமந்த கை இது. அந்தப் பாரத்தை நான் எங்கேயும் சுமந்ததில்லை.

அது ஆறுவதற்குள் என் லாத்தா, கூடப்பிறந்த அக்கா, வந்து குந்தினாள். பெண்சாதி கேட்கிற தூரத்தில்தான் கதைத்தாள்.

“தம்பி, அவட வயிறு சரியில்ல. ஒரு புள்ளயோட முடிஞ்சி. ரெண்டாவது முடிக்க மார்க்கம் தடுக்கல்லதானே, பாலமுனையில ஒரு எடம் இரிக்கி, பாப்பமா?”

“எழும்பிப் போ லாத்தா! பிறகு ஒரு கதை வாயில வந்திரும்.”

லாத்தா போனாள். பெண்சாதி குசினி வாசலில் நின்று, “அவ சொல்றதிலயும் பிழையில்ல. நான் மறிக்கமாட்டன்,” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அடிக்க ஒரு ஆள் இல்லை. கோடாரியை எடுத்து வளவில் கிடந்த விறகையெல்லாம் பிளந்து போட்டேன்.

அவள் மூன்றாவது முறை பிள்ளைத்தாய்ச்சி ஆனபோது, நானே வானை எடுத்துக்கொண்டு மிஸியின் வீட்டுக்குப் போனேன்.

“புள்ளைக்கு ஏன் மஞ்சள் புடிக்கிற, மிஸி?”

“கடப்படியில நிண்டு ரெண்டு தரம் சொன்னன், முதலாளி. தேங்காய் தந்து அனுப்பினீங்க.”

“இப்ப போடுங்க அந்த ஊசிய. எங்க இருந்தாலும் எடுப்பிக்கிறன்.”

“இப்ப போட்டுப் பயனில்ல. அவட ஒடம்பு பழகிட்டு.”

மட்டக்களப்பில் டொக்டர்தான் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். என் இரத்தத்தில் ஒரு சாமான் இருக்கிறது. என் பெண்சாதியின் இரத்தத்தில் அது இல்லை. மூத்தவன் என் இரத்தத்தைக் கொண்டு பிறந்தான். பிறக்கிற நேரம் அவனுடைய இரத்தம் கொஞ்சம் தாய்க்குள் போயிருக்கிறது. தாயின் உடம்பு அதைக் களவாய் வந்ததென்று அடித்துக் கலைக்கப் படித்துக்கொண்டது. அந்தப் படிப்பைத் தடுக்கத்தான் ஊசி. அடுத்து வருகிற பிள்ளையும் என் இரத்தத்தோடு வந்தால், மில்லில் நெல் உடைகிற மாதிரி அதன் இரத்தம் உடையும். அந்த உடைசல்தான் மஞ்சள். இந்தப் பிள்ளைக்கு இன்னும் மோசமாக இருக்கும் என்றார். எட்டாம் மாதமே பிறக்க வைத்து, அதன் இரத்தத்தை எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்ற வேண்டும்.

எட்டாம் மாதம் வரைக்கும் ஒவ்வொரு நாளையும் நான் எண்ணித்தான் கழித்தேன். பிள்ளை போனால் அவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். இருந்துகொண்டே போய்விடுகிற பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

பிறந்தது மகள். வெளுத்துப்போய், வயிறு வீங்கி, அழவும் பலமில்லாத பிள்ளை. நான் சட்டைக் கையை மடித்து டொக்டருக்கு முன்னால் நீட்டினேன்.

“எத்தனை போத்தலும் எடுங்க. நோய் நொடி தெரியாத ஒடம்பு இது.”

“உங்கட ரத்தம் சரிவராது, முதலாளி. புள்ளைக்குள்ள உடையிறதே அதுதான். தாய்க்குக் கூடப்பிறந்தவங்க ஆரும் இரிக்காங்களா?”

ஒரு தம்பி இருந்தான். கடற்கரையில் தோணியடியில் காசு வைத்துக் கடதாசி விளையாடித் திரிந்தவன். அரிசி களவெடுத்தான் என்று நான் மில்லிலிருந்து கலைத்துவிட்டவன். வானை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. மணலில் குந்தியிருந்தவன் என்னைக் கண்டு எழும்பவும் இல்லை.

“மில்லுக்குள்ள கால் வெக்காத எண்டீங்க மச்சான். வானுக்குள்ள வெக்கலாமா?”

“ஏறுடா. ரத்தம் வேணும்.”

“என்ட ரத்தமா? களவெடுத்த அரிசியில ஊறின ரத்தம் அது, ஒத்துக்கொள்ளுமா?”

வழியெல்லாம் இப்படிக் குத்திக்கொண்டே வந்தான். அவனுடையதும் நெகட்டிவ்தான், பொருந்திவிட்டது. அவன் கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருந்தான். நான் விறாந்தையில் நடந்தேன். என் காசும் வானும் மில்லும் செய்ய முடியாததை அந்தப் போக்கிரி கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு செய்தான். அதுவும் எனக்குக் கோபம்தான். பொய் சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை அழுதது. விறாந்தை முழுக்கக் கேட்டது. பெண்சாதி கட்டிலைவிட்டு இறங்கினாள். அவளைக் கைத்தாங்கலாய்ப் பிடித்து, திறந்த முற்றத்தால், வெயிலால், பிள்ளைகளின் வார்டுக்கு நடத்திக்கொண்டு போனது யார்? மாமி! எனக்குப் பற்றி எரிந்தது.

“மாமி, இண்டைக்கு எத்தனாம் நாள்?”

“மூணு.”

“நாப்பது எங்க போன? செய்த்தான் எங்க போன? அண்டைக்கு இந்த நடைய விட்டிருந்தா என்ட புள்ள மையவாடியில கிடக்குமா?”

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமி மகளின் கையை விடவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

“நான் எழுத்து வாசிப்புத் தெரியாத கிழவி. என்ட உம்மா சொன்னத நான் சொன்னன். மிஸி உங்களைத்தானே கூப்பிட்டுச் சொன்னா, மகன்? வான் ஆர்ட? திறப்பு ஆர்ட பையில கிடந்த?”

பெண்சாதி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மெல்ல மெல்ல அடிவைத்து உள்ளே போனாள். பிள்ளையின் அழுகை நின்றது.

நான் வெளியே வந்தேன். வானுக்குள் மச்சான், பெண்சாதியின் தம்பி, நித்திரை. திரும்பி வருகிற வழியில் மிஸியின் கடப்படியில் வானை நிறுத்தினேன். பிள்ளை பிழைத்துவிட்டது என்று சொன்னேன். பிறகு, இனிமேல் யாருடைய கார்ட்டிலாவது சிவப்பு மையால் எழுதினால் எனக்கு ஆள் அனுப்புங்கள் என்றேன்.

“நாப்பது எண்டு மறிப்பாங்களே, முதலாளி.”

“மறிக்கட்டும். சத்தம் போட எனக்குத் தெரியும்.”

அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டுக் கடப்படியில் நான் நின்று கத்தியிருக்கிறேன். பைத்தியக்கார முதலாளி என்றார்கள். அந்த வீட்டு மாமிமாரை நான் ஏசுவதில்லை. வாப்பாவாகி மூன்று நாளாகாத அந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, அவனைத்தான் ஏசுவேன்.