கடைசி ஆளின் குரல்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பகலில் நடந்தது. நான் காய்ச்சலில் இல்லை, மயக்கத்திலும் இல்லை. பல வருஷமாக மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். கண்ணும் காதும் சரியில்லை என்றால் என்றைக்கோ யாரையாவது கொன்றிருப்பேன்.

ஆறு நாள் சைக்கிள் பயணம். பெட்டி, சாப்பாடு, தண்ணீர், ஸ்பேனர், டியூப் எல்லாம் பின்னால் ஒரு வேனில் வரும். நாம் மிதித்தால் போதும். மிதிக்க முடியாதவர்களை அந்த வேன் வாரிப் போட்டுக்கொள்ளும். அதனால் அதன் டிரைவருக்கு நாங்கள் வைத்த பெயர் துடைப்பம். அவனுக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. நான்தான் எப்போதும் கடைசி. முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தே உயிரை வாங்கினான்.

"ஏறிடுங்கம்மா. யாரும் சிரிக்க மாட்டாங்க."

சிரிப்பார்கள். கிளம்பும் முன்பு, கொழுந்தனார் குடும்பம் மொத்தமும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "மூணாம் நாளே வேன்ல உக்காந்து போட்டோ அனுப்புவா, பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அதுதான் வலித்தது. செத்தாலும் அந்த வேனில் ஏறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவருக்குத்தான் ரோடு தெரியும். மற்றவர்களுக்கு முன் ஆளின் சக்கரம்தான் தெரியும். அதனால் எங்களை நடத்திப்போன மாஸ்டர் "குழி!" என்று கத்துவார். அடுத்தவர் "குழி!" என்பார். அப்படியே பின்னால் வரும். கடைசி ஆள் நன்றாக உரக்கக் கத்த வேண்டும். அந்தக் குரல் கேட்டால் எல்லோரும் வருகிறார்கள் என்று அர்த்தம். நாலைந்து நாளில் இது உடம்பில் ஊறிவிட்டது. குரல் கேட்டால் கை திரும்பிவிடும், யோசிக்காது.

மாஸ்டர் இடது, வலது மட்டும் வாயால் சொல்லவே மாட்டார். கையைத்தான் காட்டுவார். சோம்பேறி மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள். மலை இறக்கம். மணி நாலே முக்கால். மற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். மூடுபனி இறங்கியது. பின்னால் ஹாரன் நின்றுபோனது. துடைப்பத்துக்குக் கை வலித்துவிட்டது போல என்று எனக்குச் சந்தோஷம்.

ஒரு குழி வந்தது. பழக்க தோஷம். "குழி!" என்று கத்தினேன்.

பின்னாலிருந்து, "குழி!"

ஆண் குரல். இளவயசு. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அப்பாடா, நான் கடைசி இல்லை! திரும்பிப் பார்க்கவில்லை. இறக்கத்தில் தலை திரும்பினால் ஹேண்டில்பாரும் திரும்பும்.

"யாருங்க, பஞ்சர் ஆயிடுச்சா?"

மிதிக்காமல் சும்மா சுழலும் சக்கரத்தின் சத்தம் மட்டும். டிக்... டிக்... டிக்...

"கல்!" என்றேன். "கல்!" என்றது.

"லாரி!" என்றேன். லாரி எதுவும் வரவில்லை. சும்மா சீண்டிப் பார்த்தேன். "லாரி!" என்றது. சிரிப்பில்லை, சலிப்பில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் பிரேக்கை விடாமல் பிடித்திருந்தேன். ஈரத்தில் அது கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. பின்னால் பிரேக் சத்தமே இல்லை. இந்தச் சரிவில் பிரேக் பிடிக்காமல் ஒருவன் எப்படி என் வேகத்திலேயே வருவான்?

"நீங்க முன்னாடி போயிடுங்க."

டிக்... டிக்... டிக்...

"குழி!"

இந்த முறை நான் சொல்லவில்லை. அது சொன்னது. கை தானாக ஹேண்டில்பாரை ஒடித்தது. பனிக்குள்ளிருந்து குழி வந்தது.

முன்னால் போகும் எனக்கே தெரியாத குழி... பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரிந்தது?

"குழி!"

காதுக்குப் பக்கத்தில். மூச்சுக்காற்று இல்லை. குரல் மட்டும்.

"குழி!"

கோபம். நான் திருப்பிச் சொல்லவில்லை என்ற கோபம்.

"கு... குழி..." என்றேன்.

"இடது பக்கம் வா!"

கை திருப்பிவிட்டது.

சரளை. புல். பிறகு...

ஒன்றுமில்லை.

இரண்டு பிரேக்கையும் நசுக்கினேன். விழுந்தேன். முன் சக்கரம் வெறும் காற்றில் சுற்றியது. கீழே பள்ளம்.

டிக்... டிக்... டிக்... என்னைத் தாண்டிப் போனது. நேராக, பள்ளத்துக்கு மேலே.

விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

வேன் விளக்கு தெரிந்தது. துடைப்பம் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்தார். ஆமாம், இழுத்தார். இனி அவரை மரியாதையாகத்தான் சொல்வேன்.

"பின்னாடி வந்தவர் எங்கம்மா?"

"யாரு?"

"உங்களை ஒட்டியே வந்தாரே. வராத, வராதன்னு எனக்குக் கையக் காட்டிட்டே வந்தார். அதான் ஹாரன்கூட அடிக்கல."

நான் வேனில் ஏறினேன்.

லாட்ஜில் தலை எண்ணிப் பார்த்தோம். எல்லோரும் எப்போதோ வந்துவிட்டார்கள். பாக்கி நான் ஒருத்திதான். மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். 'இடது பக்கம் வா' என்றதும் அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி. இதே மாதிரி பனி. எதிர்ல லாரி. இடது பக்கம் வான்னு நான்தான் கத்தினேன். அங்க ஓரம் இடிஞ்சிருந்தது எனக்குத் தெரியாது. கடைசியா வந்தவன்..."

"இது தெரிஞ்சும் எங்களை அதே ரோட்டுல கூட்டிட்டு வந்தீங்களா?" பாவி மனுஷனை அறைந்திருப்பேன்.

"வேற ரோடு இல்லம்மா."

"அவர் குரல் நின்னதை யாருமே கவனிக்கலையா?"

மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை.

"நிக்கலையே. ஒவ்வொரு குழிக்கும் திருப்பிச் சொன்னான். இந்த லாட்ஜ் கேட் வரைக்கும் நாங்க எல்லாரும் கேட்டோம். இங்க வந்து திரும்பினா... ரோடு காலி. மறுநாள் அந்த வளைவுக்குக் கீழதான் கிடந்தான். விழுந்த உடனே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னார்."

ஆறாம் நாள் நான் வேனில் உட்கார்ந்து போட்டோ எடுத்து அனுப்பினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். சிரிக்கட்டும்.

கொஞ்ச தூரம் போனதும் வேன் ஒரு குழியில் இறங்கி ஏறியது. பின்னால், கட்டிப்போட்டிருந்த என் சைக்கிள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"குழி!"

துடைப்பம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருமே திருப்பிச் சொல்லவில்லை.

"குழி!" என்றது மறுபடியும். கோபமாக.