சீட்டில் கட்டாத கால்

கள்ளக்குறிச்சியில் புடவைக்கு ஏற்ற ஜாக்கெட் துணி விற்கும் கடை என்னுடையது. தீபாவளி முடிந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஆன்லைனில் ஜோசியம் பார்க்கிற டாரட் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கினேன். எதிர்காலம் தெரிந்துகொள்வதற்காக அல்ல. என் எதிர்காலம் காலியான கல்லாப் பெட்டியிலேயே தெரிந்தது. படத்தில் இருந்தவர்களின் துணிமணிக்காக வாங்கினேன். அங்கி, கவசம், கிரீடம் என்று ஒவ்வொருவரும் எதையோ சொல்வதற்கென்றே உடுத்திக்கொண்டு நின்றார்கள்.

கூடவே வந்த ஆங்கிலக் கையேடு பாதிதான் புரிந்தது. மீதியை நானே இட்டு நிரப்பினேன். லாந்தர் பிடித்த கிழவரின் சாம்பல் அங்கிக்குத் தனிமை என்று பொருள். எத்தனை முறை துவைத்தாலும் வெளுக்காத சாயம் என்பது என் உரை. மலை விளிம்பில் பள்ளத்தைப் பார்க்காமல் நிற்கும் முட்டாளுக்குப் பூப்போட்ட சட்டை. வெள்ளிமலைக்குப் போகிற வளைவுகளில் செல்பி எடுக்கிறவர்களும் அப்படித்தான் உடுத்துகிறார்கள். நானும்தான்.

கடைக்கு வரும் பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டே சீட்டு எடுத்தார்கள். கருணாபுரத்திலிருந்து வந்து புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துத் தரும் அக்கா மட்டும் தொடவில்லை. "துணியே ஒழுங்கா மேட்ச் பண்ணத் தெரியல, உனுக்கு ஜோசியம் ஒரு கேடா" என்பார்.

பிறகு, மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்த லாரி ஒன்று கவிழ்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த அக்காவின் வீட்டுக்காரர், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். ஒரு சாயங்காலம் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் பையோடு நேராகக் கடைக்கு வந்தார்.

"அந்தச் சீட்டப் போடு தம்பி. எழுந்துக்குவாரா மாட்டாரான்னு பாக்கணும்."

"அக்கா, நான் சொன்னா கலரே சேராது."

"தெரியும். போடு."

வந்த சீட்டில், கல் மேடை மேல் ஒருவன் கவசத்தோடு மல்லாந்து கிடந்தான். மார்பில் கை கூப்பியிருந்தது. தலைமாட்டுச் சுவரில் கத்திகள் அவனைப் பார்த்துத் தொங்கின. அவசரமாகக் கையேட்டைப் புரட்டினேன். ஓய்வு, உடம்பு தேறுதல் என்று கையேடு சொன்னது. அதைத்தான் சொன்னேன். மேலே தொங்குவது கத்தியில்லை, டிரிப்ஸ் மாட்டுகிற கம்பி என்றும் ஒரு சிரிப்பைச் சேர்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்க் கால் பக்கமாகப் பார்த்தார்.

"கை கூப்பிக்கினு கெடக்கறான். மஞ்ச பூசினாமாரி வேற இருக்கான். ஆனா ரெண்டு கால் கட்டைவெரலையும் சேத்துக் கட்டல பாரு."

பார்த்தேன். கட்டியிருக்கவில்லை. பிணத்துக்குக் கால் கட்டுகிற வழக்கம் அந்த ஓவியருக்கு எங்கே தெரியப்போகிறது? வாயைத் திறந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"கட்டலன்னா உசுரு இருக்குதுன்னுதான தம்பி அர்த்தம்?"

"ஆமாக்கா."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கடையில் நின்று அந்தக் காலை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

அக்காவின் வீட்டுக்காரர் கண் திறக்கவேயில்லை. ஆம்புலன்ஸ் வந்த காலையில், வெள்ளைத்துணி கொண்டுவரச் சொல்லி எனக்குப் போன் வந்தது. போட்டிருந்த பூப்போட்ட சட்டையோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்காவின் மாமனார் துணியிலிருந்து நீளமாக ஒரு கீற்றுக் கிழித்துக் காலருகே குனிந்தார். அக்கா அந்த இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"கட்டாதீங்க மாமா. சீட்டுல கட்டல."

"இன்னா சீட்டும்மா? ஏலச்சீட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னையே பார்த்தார். அவர் பார்த்த பக்கம் எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ சொல்லு தம்பி," என்று மாமனார் துணிக் கீற்றை என் கையில் கொடுத்தார்.

கீற்றோடு காலருகே உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து அக்கா கையைத் தளர்த்தினார்.

"இறுக்காத தம்பி. எழுந்தார்னா அவுக்கத் தோதா இருக்கட்டும்."

கடையில் பார்சலுக்கு ஒரு முடிச்சுப் போடுவேன். நுனியைப் பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். அதைத்தான் போட்டேன்.