அந்தோணி அண்ணனும் பீப்பாய் அடியில் தங்கிய பச்சையும்

அந்தமானின் ரங்கத்திலிருந்து படகில் வந்த மீன்காரர் ஒருவர், குட்வில் எஸ்டேட்டில் என் வீட்டு வாசலில் நின்று, "அந்தோணி அண்ணன் தவறிட்டாரு" என்றார். அவரை அறிந்த உங்களுக்கும் இந்நேரம் செய்தி வந்திருக்கும். கையிலிருந்த சாயாவை அப்படியே வைத்துவிட்டேன். வாழ்நாளில் நான் சாயாவை மிச்சம் வைத்தது அன்றுதான்.

அந்தக் காலத்தில் ரங்கத் மீன் பண்ணையில் நாங்கள் இருவரும் தினக்கூலி. அந்தமானுக்கே மீன் தந்தவர்கள் நாங்கள்தான் என்றால் மிகையில்லை. குளத்து நீரைப் பச்சையாக்கும், கண்ணுக்குத் தெரியாத பாசியைப் பிரித்துக் காயவைத்து, மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக்க வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வரும் அதிகாரியிடம் அதைக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறி ஊர் திரும்ப வேண்டியதுதான்.

முதலில் என் கல்யாண வேட்டியில் வடிகட்டினோம். மோதிரத்துக்குள் நுழையும் வேட்டி அது. பாசி அடைத்துக்கொண்டு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. படிகாரம் போட்டோம். பாசி திரண்டு படிந்தது. குஞ்சுகள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏல சுப்பையா, நீ திம்பியா அத? அதுவளுக்கும் நாக்கு இருக்குலா" என்றார் அண்ணன்.

பிறகு ஒரு பீப்பாயில் குளத்து நீரை நிரப்பி, முருங்கை விதையை இடித்துக் கலக்கி, பாசி அடியில் படியட்டும் என்று இரவு முழுக்க விட்டார். யோசனை பாதி என்னுடையது. அவர் இருந்திருந்தால் முழுவதும் என்னுடையது என்றே சொல்லியிருப்பார்.

அதிகாரி வரும் காலையில் போய்ப் பார்த்தால், பீப்பாய் கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் குடம் குடமாகப் பளிங்குத் தண்ணீர். பண்ணைக்கு அடுத்த வீட்டு வங்காளி அக்கா, நாங்கள் 'தீதி' என்று கூப்பிடுபவள், பெருமையாக நின்றாள்.

"பையா, கந்தா சப் ஃபேங்க் தியா! பானி ஏக்தம் சாஃப்!"

அழுக்கையெல்லாம் கொட்டிவிட்டாளாம், தண்ணீர் சுத்தமாகிவிட்டதாம். முருங்கை விதை போட்டுத் தெளியவைத்த தண்ணீரில், அடியில் படிந்ததை எந்த வீட்டிலும் கொட்டத்தானே செய்வார்கள்?

அண்ணன் திட்டவில்லை. "பஹுத் அச்சா, தீதி" என்றார். ரொம்ப நல்லது என்ற பாராட்டுதான். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

"எங்கேய்யா பாசி?" என்றார் அதிகாரி.

தீதி கொட்டிய இடத்தில் அவளுடைய வாத்துகள் மொய்த்துக்கொண்டிருந்தன. அண்ணன் பாய்ந்து ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அலகு முழுக்கப் பச்சை.

"இங்கன இருக்கு சார். திங்குமா திங்காதான்னு இனிக் கேக்காதிய."

அதிகாரி சிரித்த சிரிப்பில் குளமே அலையடித்தது. அடுத்த கப்பல்வரை தங்கினார். மறுபடி படியவைத்தோம்; தீதியே கம்போடு காவல் நின்றாள். குஞ்சுகள் தின்றன. அண்ணன் கப்பலேறவில்லை. இன்று ரங்கத் மண்ணிலேயே படுத்திருக்கிறார்.

வேட்டி அன்றே போயிற்று. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். மழைத் தண்ணீர்க் குடத்தை என் வீட்டுக்காரி கழுவப் போனால், "இரு, அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டுக் கொட்டு" என்பேன்.

"மண்ணுதான் இருக்கு" என்பாள்.

இருந்தாலும் எட்டிப் பார்ப்பேன்.