இடது பக்கக் கதவு

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் பாஸ்கலுக்கு இருந்த நல்ல பெயர் முழுவதும் ஒரு கெட்டுப்போன கைப்பிடியால் வந்தது.

பதினோரு வருடத்துக்கு முன், வேப்பம்பட்டில் மனை விற்கிற ஒரு தரகரிடமிருந்து அந்த ஜீப் மாதிரியான வண்டியை வாங்கினார். ஏற்கனவே ஏழு வருடம் ஓடிய வண்டி. வாங்கிய இரண்டாவது வாரம் முன் இருக்கையின் இடது கதவு வெளியிலிருந்து திறக்க மறுத்தது. மனைவி சாராள் ஏற வேண்டுமென்றால் பாஸ்கல் தன் இருக்கையிலிருந்து குறுக்கே படுத்து, கையை நீட்டி, உள்ளிருந்து திறந்துவிட வேண்டும். சாராள் கைப்பையைப் பிடித்தபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். "திறக்கிறீங்களா, இல்ல நான் பஸ்ல போகட்டா?" என்பாள்.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கிற மற்ற பெண்களுக்குக் கைப்பிடி தெரியவில்லை. கதவு திறக்கப்படுவது மட்டும் தெரிந்தது. தெருவில் அன்பியம் என்ற ஜெபக் குழுவின் கூட்டம் நடந்த வீடுகளில் ஜெபம் முடிந்து காபி குடிக்கும்போதெல்லாம் எவளாவது தன் புருஷனிடம் சொல்வாள்: "பாஸ்கல் அண்ணனப் பாரு. இந்த வயசுலயும் பொண்டாட்டிக்குக் கதவு தொறந்து உடுறாரு. நீயும் கீறியே." பாஸ்கல் பணிவாகத் தலை குனிந்துகொள்வார். அந்தப் பணிவுக்கும் பாராட்டு கிடைத்தது. கைப்பிடியைச் சரி செய்யும் எண்ணத்தை அதோடு விட்டுவிட்டார். அரைமணி நேர வேலைக்காக ஊரிலுள்ள ஒரே நல்ல புருஷன் என்ற பட்டத்தை யார் இழப்பார்கள்?

இத்தனைக்கும் அவர் உத்தியோகம் குறை கண்டுபிடிப்பது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் தரப் பரிசோதகர். போல்ட்டை அளவுக் கருவியில் விட்டுப் பார்ப்பார். சரியாகப் போனால் பாஸ், இல்லையென்றால் கழிவுப் பெட்டி. "என் கண்ணுக்குத் தப்பினது ஒண்ணு கிடையாது" என்று ஓய்வு பெற்ற நாளில் மைக்கில் சொன்னார். சாராள் முதல் வரிசையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெருமையில் சிரிக்கிறாள் என்று அவர் நினைத்தார்.

போன மார்ச்சில் சாராள் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகும் பாஸ்கல் வண்டியை எடுக்குமுன் குறுக்கே படுத்து இடது கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். தெரிந்தேதான் செய்தார் என்று சொல்ல முடியாது. கை தானாகப் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி படுத்து மூடுவார். ஒரு நாள் தெரு நாய் ஒன்று அதைத் தனக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டது. எதிர்வீட்டுப் பூங்காவனம் அதைப் பார்த்துவிட்டு, பெங்களூரில் இருந்த மகள் ரெனிதாவுக்குப் போன் செய்தாள். "உங்கப்பா காலி சீட்டுக்குக் கதவத் தொறந்து உட்டுகினு குந்திகினு கீறாரும்மா. இன்னிக்கு நாய இட்டுகினு போனாரு."

ரெனிதா அந்த வாரமே புருஷன் மேக்ஸ்வெல்லை அனுப்பினாள். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது சொகுசு வண்டி ஒன்றை எடுப்பது என்று முடிவாகிவிட்டது. மாட்டேன் என்று சொல்ல பாஸ்கலிடம் காரணம் இல்லை. இருந்த காரணத்தை வெளியே சொல்லவும் முடியாது. எனவே தொழில்முறையில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்றார். ஒரு நோட்டில் கோடு போட்டு, புதுசு ஒரு பக்கம், பழசு ஒரு பக்கம் என்று எழுதிக்கொண்டார். பழசு எப்படியாவது ஜெயித்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு.

நசரத்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலை ஓரம் இருந்த ஷோரூமுக்குப் பழைய வண்டியிலேயே போனார்கள். மேக்ஸ்வெல்லுக்கும் உள்ளிருந்துதான் கதவு திறந்துவிட்டார். ஷோரூமில் ஷர்மிளா என்ற பெண் புது வண்டியைக் காட்டினாள். அரை மணி நேரத்தில் நோட்டு அவமானமாகிவிட்டது. குளிர்ச்சியில் புதுசுக்குப் பத்துக்குப் பத்து. பழசில் மே மாதம் அனல் காற்றும் டிசம்பரில் ஐஸ் காற்றும் வரும். அதற்கு 'காலத்துக்கேற்ற மாதிரி' என்று எழுதி மூன்று போட்டார். சத்தத்தில் புதுசு பூனை. பழசு வருவது ஆவடியில் கிளம்பும்போதே வீட்டில் தெரியும். 'முன்னறிவிப்பு வசதி உண்டு' என்று எழுதினார்.

"இன்னா மாமா, வண்டிக்கு மார்க் போடறீங்களா, வக்காலத்து வாங்கறீங்களா?" என்றான் மேக்ஸ்வெல்.

ஓட்டிப் பார்க்கிற நேரம் வந்தது. பாஸ்கல் ஏறி உட்கார்ந்தார். ஷர்மிளா சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். அவ்வளவுதான், கை போய்விட்டது. குறுக்கே படுத்தார். ஆனால் அந்த வண்டியில் இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு மேடை இருந்தது. விலா அதில் இடித்தது, முழங்கை எதிலோ பட்டது. அவருடைய இருக்கை மெல்லப் பின்னால் சாய்ந்தது. வண்டியின் திரையிலிருந்து ஒரு பெண் குரல், நான் உங்களுக்கு என்ன உதவி செய்யட்டும் என்று இங்கிலீஷில் கேட்டது.

"ஒண்ணும் வேணாம்மா" என்றார் பாஸ்கல், படுத்தபடியே.

கதவு வெளியிலிருந்து சாதாரணமாகத் திறந்தது. ஷர்மிளா எட்டிப் பார்த்தாள். "என்ன சார் தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீளம் எவ்ளோன்னு பாத்தேன்."

ஓட்டிவிட்டுத் திரும்பியபோது, பழைய வண்டியை மதிப்பிடுகிற பார்த்தசாரதி என்ற இளைஞன் அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பாஸ்கல் உதவிக்குப் போனார். "தம்பி, அந்தக் கதவு வெளியிலருந்து திறக்காது. இரு, நான்..."

அவன் அதற்குள் கைப்பிடியை இழுத்துவிட்டான். கதவு வெண்ணெயாகத் திறந்தது.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

மேக்ஸ்வெல்லும் பார்த்துக்கொண்டு நிற்க, பார்த்தசாரதி கதவை மூடினான். மறுபடி திறந்தான். பாஸ்கலும் ஒரு தடவை திறந்து பார்த்தார். பிறகு ஒரு மரத்தடிக்குப் போய், ஆவடி மெக்கானிக் கங்காதரனுக்குப் போன் போட்டார்.

"அதுவா?" என்றான் கங்காதரன். "நாலு வருசம் ஆவுதுண்ணா. நீங்க டூட்டிக்குப் பஸ்ல போயிருந்த நாள்ல அண்ணி கூப்டுச்சு. ஊட்டாண்ட வந்து நான்தான் மாத்திக் குடுத்தேன்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லாதன்னு சொல்லிச்சே. 'அவரு பெரிய இன்ஸ்பெக்டரு, எப்ப கண்டுபுடிக்கிறாருன்னு பாக்கலாம்'னு சொல்லி சிரிச்சிச்சு. ஒவ்வொரு சர்வீஸுக்கும் நானும் பாத்துகினுதான் கீறேன். நீங்க இன்னும்..." கங்காதரன் நிறுத்திக்கொண்டான். "அண்ணா? லைன்ல கீறீங்களா?"

பாஸ்கல் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவள் போகும்வரை மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். வெயிலில், மழையில், கைப்பையோடு, திறக்கிற கதவுக்கு வெளியே அவள் நின்றிருக்கிறாள். அவர் வயிறு பிதுங்கக் குறுக்கே படுத்துக் கை நீட்டுவதை, வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். லட்சக்கணக்கான போல்ட்டுகளை அளந்தவர், திறக்காது என்று தெரிந்த கைப்பிடியை ஒரு நாள்கூட இழுத்துப் பார்க்கவில்லை. அழுகைதான் வரும் என்று நினைத்தார். வந்தது சிரிப்பு. கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

உள்ளே வந்தபோது ஷர்மிளா கருத்துப் படிவத்தை நீட்டினாள். 'குறைகள்' என்ற இடத்தில் பாஸ்கல் தெளிவான கையெழுத்தில் எழுதினார்: இருக்கை உயரம் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒத்துவராது. நிராகரிக்கப்படுகிறது.

"பட்டன அழுத்தினா சீட் இறங்கும் சார்."

"இறங்கினா ரோடு தெரியாதும்மா."

மேக்ஸ்வெல் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "மாமா, ரெனிதாகிட்ட நான் இன்னா சொல்றது?"

"முட்டி வலின்னு சொல்லு."

"உங்களுக்கு எப்ப மாமா முட்டி வலி?"

"இன்னிலருந்து."

இருபத்தெட்டு வருடத்தில் அவர் எழுதாத பொய் அறிக்கை அது. ஓய்வுக்குப் பிறகு எழுதியதால் கணக்கில் வராது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறினார். மேக்ஸ்வெல் போனைக் காதில் வைத்துக்கொண்டே இடது பக்கம் வந்து கைப்பிடியில் கை வைத்தான்.

"டேய், அதத் தொடாத!"

பாஸ்கல் குறுக்கே படுத்து, கை நீட்டினார்.

"மாமா, அது வேலை செய்யுது. இப்பதானே பாத்தோம்."

"செய்யட்டும். நீ நில்லு."