செங்கம் ரோட்டுக் கரும்பலகை

அன்று கடையில் அம்மா, நான், ஒரு பிரெஞ்சுக்காரம்மா, மூன்றே பேர். இன்று மகளின் பள்ளிக்கூடத்தில் ஈரச் சாக்பீஸ் வாசனை வந்ததும், இப்போது லாட்ஜ் நிற்கிற இடத்தில் இருந்த எங்கள் டிபன் கொட்டகையும், இட்லிக் குண்டான் ஆவியும், வெளிநாட்டுக்காரர்களுக்காக வாசலில் நான் இங்கிலீஷில் டிபன் பட்டியல் எழுதிவைக்கும் கரும்பலகையும் கண்முன் வந்துவிட்டன.

"ஆம்லெட் எங்க ஊர் வார்த்தை" என்று அரைகுறைத் தமிழில் சொல்லி, நான் எழுதியிருந்த ஸ்பெல்லிங்கை அழித்து, விட்டுப்போன எழுத்துகளைச் சேர்த்து எழுதிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார் அந்தம்மா. எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு, பலகை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம்; அம்மா சொல்வதற்குள் நானே முந்திக்கொண்டேன்.

"இனிமே நான் எழுதலம்மா" என்றேன்.

"திருத்துறதுக்கு நிக்கிறவங்கதான்டி உள்ள வந்து சாப்பிடுறாங்க. நீ உன் இஷ்டத்துக்கே எழுது" என்றாள் அம்மா.

பலகை என்னிடமே இருந்தது. அப்புறம், தெரியாத்தனமாகச் சரியாக எழுதிவிடுவேனோ என்கிற கவலை பிடித்துக்கொண்டது.