கலர் சார்

"உட்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு, வந்தவர் தம்ளரைக் கீழே வைக்கும்வரை மேசைமேல் இருக்கும் காகிதங்களின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். எதிரே இருக்கும் முகம் சரியாகத் தெரியாமல் இருக்க அது ஒரு வழி. "கம்பெனி ரெட்ல ஓடுதுங்க. உங்களுக்கு பிங்க் ஸ்லிப் வந்திருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அவர் அங்கே எச்.ஆர். மேனேஜர். எனக்கு அடுத்த மேசை என்பதால் எல்லாம் காதில் விழும். நஷ்டத்தை நஷ்டம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அது 'ரெட்'. வேலையைவிட்டு நிறுத்துவது 'பிங்க் ஸ்லிப்'. பாக்கிச் சம்பளம் வருமா என்று கேட்டால், "அது கொஞ்சம் கிரே ஏரியா." மறுபடி கூப்பிடுவீர்களா என்றால், "கிரீன் சிக்னல் வரட்டும், பார்க்கலாம்." பாதிப்பேர் ஏதோ நல்ல சேதி போலிருக்கிறது என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வாசலில் செக்யூரிட்டியிடம் கேட்டுத்தான் வேலை போனது தெரியும்.

பெட்டி ஒட்டும் பகுதியில் அவருக்குக் 'கலர் சார்' என்று பெயர். "கலர் சார் கூப்பிடுறாரு" என்றால் போதும், ஆளுக்கு முகம் வெளுத்துவிடும்.

அவருக்குத் தமிழ் வராது என்று நினைத்துவிட வேண்டாம். டீ ஆறிப்போய் வந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். ஒருமுறை நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"ஏன் சார் இப்படிப் பூசி மெழுகுறீங்க? பட்டுனு சொல்லிடலாம்ல?"

சிரித்தார். "தமிழ்ல சொன்னா இங்கேயே அழுவாங்க சார். இங்கிலீஷ்ல சொன்னா வீட்டுக்குப் போய் அழுவாங்க."

அன்றோடு அவருடன் சேர்ந்து டீ குடிப்பதை விட்டுவிட்டேன்.

நேற்று அவர் எதிரில் வந்து உட்கார்ந்தது அவருடைய சொந்த அக்கா. ஒட்டும் பகுதியில் அக்காவைச் சேர்த்துவிட்டவரே இவர்தான். அக்கா வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகி வெகுநாளாகிறது, அந்த வீட்டில் அடுப்பெரிவது இந்த வேலையால். விரலிடுக்கெல்லாம் பசை காய்ந்திருக்க, அக்கா தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கம்பெனி இப்ப ரெட்ல..."

"டேய், அந்தக் கதையெல்லாம் மத்தவங்ககிட்ட வச்சுக்கோ. நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா, வேணாமா? உன் வாயால தமிழ்ல சொல்லு."

"மேல முடிவு பண்றாங்கக்கா. என் கையில என்ன இருக்கு? அது ஒரு கிரே..."

"சொல்லுடா."

சொல்லித் தொலையேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தார். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை அக்கா பக்கம் நகர்த்தினார். பிறகு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அக்கா விரலில் மை பட்டுவிடாதபடி முனையைத் தன் பக்கம் திருப்பி நீட்டினார்.