மத்தியானச் சோற்றுக்குக் கல்கத்தா

ரங்கூனிலிருந்து கல்கத்தாவுக்கு ஆகாய விமானத்தில் வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அந்த நாளில் மல்லசமுத்திரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு வயது ஏழு. உடன் வந்த அம்மாவைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவள் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அப்பா ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியின் லாரிகளைப் பழுது பார்த்துவந்தார். நகரத்தில் ஜப்பான்காரர்களின் குண்டு விழத் தொடங்கியதும் கம்பெனி துரை எங்களுக்கு மூன்று இடம் வாங்கிக் கொடுத்தார். விமானத் திடலில், எடப்பாடியிலிருந்து வந்து லுங்கி வியாபாரம் செய்த ஒருவர், நிறைமாத மனைவிக்கு ஓர் இடம் கேட்டு எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு காதில் விழுந்ததும் ஓடி வந்தார்.

"ஏனுங்க, நீங்க நம்ம பக்கமுங்களா?"

மனைவியைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தாளா என்பது எனக்கு நினைவில்லை.

"அம்மிணி, நீங்க ஏறுங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, அப்பா என் கன்னத்தைத் தட்டினார். "பின்னாடியே வாரேன் சாமி."

அடுத்த விமானத்தில் வருவார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டதுதான் என் அப்போதைய துக்கம்.

அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஊரே என்னை விசாரித்தது. "அறுநூறு மைலுக்கு மேலீங்க. காத்தால ஏறுனா மத்தியானச் சோத்துக்குக் கல்கத்தா" என்பேன். அங்கிருந்து சேலம் வர ரயிலில் நாள்கணக்கில் ஆனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பேசத் தொடங்கினாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். கோடை வந்தது. விமானத்தைப் பற்றிக் கேட்பதை ஊரார் நிறுத்திக்கொண்டார்கள்.

மழை பெய்து கடலைக்காய் விதைத்துக்கொண்டிருந்த நாளில் இரண்டு பேர் மாட்டுவண்டியிலிருந்து இறங்கினார்கள். மற்றவர் தோளில் சாய்ந்து வந்தவர் அப்பா என்பது குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நாங்க ஒரு காத்தாலயில வந்துட்டமே, உங்களுக்கு மட்டும் ஏனுங்கப்பா இத்தன நாளு?"

அப்பா சிரித்தார். "எனக்குக் கெடச்ச பிளேனுக்கு ரெக்கையில்ல சாமி. வெறுங்காலுதான்."

பர்மாவிலிருந்து நடந்து வந்த மலைப்பாதையில் அப்பாவுக்கு வாந்திபேதி கண்டிருக்கிறது. உடன் நடந்தவர்கள் விட்டுப் போய்விட, எடப்பாடிக்காரர் மட்டும் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறார். தம் வீட்டுக்குக்கூடப் போகாமல் அப்பாவை முதலில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். மனைவி என்ன ஆனாள் என்பதே அவருக்குத் தெரியாது.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "எடப்பாடியிலிருந்து சேதி வந்துதுங்க. உங்க ஊட்டுல சொகமா இருக்கறாங்க. பொண்ணு பொறந்திருக்குதுங்க."

அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எடம் குடுக்கலீன்னா அவுங்க ஏதுங்க?"

"நீங்க தூக்கிட்டு வரலீன்னா நா ஏதுங்க?"

இரண்டு பேரும் விம்மி விம்மி அழுதார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும்தான் வந்து சேர்ந்தாயிற்றே, இனி எதற்கு அழுகை என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.